பெரட்டுக் குழுவின் கடைசிக் கேசட்

நல்லுசாமி வாய் திறந்தால், எதிர்ச் சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். ஆளோ ஒல்லி. முதுகில் மருந்து பம்பை மாட்டிக்கொண்டு போனால் பம்புக்குக் கால் முளைத்து நடப்பது போல் இருக்கும். அந்த நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்று அவனுடைய அக்கா வடிவம்மாளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. நெஞ்சுக்கூடுகளைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

மலாய் நாட்டில், ரிங்லெட்டுக்கு மேலே, அணைக்கட்டு ஏரியைத் தாண்டி இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். அப்பா, தேயிலை லோரி கவிழ்ந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பவளம் கொழுந்து எடுத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள்.

எழுபதுகளில், நல்லுசாமி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விடியுமுன் சங்கு ஊதும். ஆட்கள் எல்லாம் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி ஆண்டியப்பன் லாந்தர் வெளிச்சத்தில் பேர் வாசிப்பார். பேரைக் கேட்டதும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. இதுதான் பெரட்டு. மூடுபனியில் பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாது. அந்தப் பனிதான் நல்லுசாமிக்கு வசதி. காய்ச்சலில் படுத்தவர்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, முந்தின நாள் கள் குடித்து எழ முடியாதவர்களுக்கு அவன் குரல் கொடுப்பான். அவரவர் குரலிலேயே கொடுப்பான். அவர்கள் பிறகு மெதுவாக வந்து வரிசையில் சேர்ந்துகொள்வார்கள்.

ஒரு நாள் ஆண்டியப்பன் கிழவர் மாரிமுத்துவின் பேரை வாசித்தார். பழக்கதோஷம். கிழவர் முந்தின சாயங்காலமே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். இது நல்லுசாமிக்குத் தெரியாது. பனிக்குள்ளிருந்து, கிழவரின் அதே கரகரத்த குரலில், "இருக்கேன்" என்று வந்தது.

களமே செத்துப்போனது. ஆண்டியப்பன் கையிலிருந்த லாந்தர் ஆடியது. பிறகு அவனைப் பிடித்து வெளுத்து வாங்கினார்.

"செத்தவனுக்குக் குரல் குடுத்தவன் இவன்," என்று பவளத்திடம் சொன்னார். "நல்லதுக்கில்ல பவளம். அந்தக் கடன் இவன் தொண்டையிலதான் நிக்கும்."

வடிவம்மாள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

*

பதினேழு வயதில் நல்லுசாமி மருந்து அடிக்கும் கும்பலில் சேர்ந்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே முளைக்கும் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. அதைக் கலக்கி ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பும் சீக்கிரமே அவனுக்கு வந்தது. அதனால் மருந்து ஸ்டோரின் சாவியும் அவனிடம் வந்தது.

அது தகரக் கொட்டகை. தொழிலாளர் வீடுகளான லயங்களை விட்டுத் தள்ளி, ஓடைக்கு மேலே இருந்தது. நாற்றத்துக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் அவர்களுடைய பாட்டுக் குழு கூடியது. மூன்று பேர். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷஹாபுதீனின் மகன் உமர் கித்தார் வாசித்தான். கியா பார்மில் காய்கறி போடும் குடும்பத்துப் பிள்ளை தங்கையா டிரம்ஸ் அடித்தான். நல்லுசாமி தடிக்கம்பி கித்தார் ஒன்றைத் தட்டிக்கொண்டே கத்தினான்.

கத்தினான் என்றுதான் சொல்ல வேண்டும். பினாங்கில் படித்த மாமன் மகன் மூலம் உமருக்கு வெளிநாட்டுக் கேசட்டுகள் கிடைத்தன. ஹார்ட்கோர் என்று அதற்குப் பேர். ஒரு பாட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் மூன்று பேருக்கும் சட்டை நனைந்துவிடும். இவர்கள் அதைத் தமிழில் செய்தார்கள். குழுவுக்குப் 'பெரட்டு' என்று பேர் வைத்தார்கள். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு பாட்டு. துரை வீட்டு நாய்க்கு வரும் இறைச்சியைப் பற்றி ஒரு பாட்டு. சங்கைப் பற்றி ஒன்று:

சங்கு ஊதுது எந்திரிடா
சாமம் போகுது எந்திரிடா
எந்திரிக்காதவன் பேர வெட்டு
எந்திரிச்சவன் முதுக வெட்டு.

வடிவம்மாள் ஒருமுறை அந்தக் கொட்டகைக்குப் போய் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன்டா, பன்னி அறுக்குற மாதிரி இருக்கே. இத யாராச்சும் காசு குடுத்தா வாங்குறாங்க?"

உமர் கித்தாரை நிறுத்தினான். "அக்கா, பன்னின்னு மட்டும் சொல்லாதீங்கலா. எங்கத்தா காதுல விழுந்தா கித்தார அடுப்புல வச்சிருவாரு. ஆடுன்னு சொல்லுங்க."

"ஆடு இவ்வளவு நேரம் கத்தாது. சீக்கிரம் செத்துரும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதை அவர்கள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கேசட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்கும் இளவட்டங்கள் இருந்தார்கள். எண்பத்தைந்தில் ஒரு கேசட், எண்பத்தேழில் இன்னொன்று. இரண்டும் ஈப்போவில் ஒரு சீனருடைய ஸ்டுடியோவில் பதிந்தவை. எண்பத்தொன்பதில் மூன்றாவதைப் பதிவதென்றும், அதோடு குழுவைக் கலைப்பதென்றும் முடிவானது. தங்கையாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. உமருக்குச் சஃபியாவோடு நிக்காஹ் பேசியிருந்தார்கள். கடையையும் அவன்தான் பார்க்க வேண்டும். கடைசி என்பதால் இருக்கிற எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும் என்று நல்லுசாமி நினைத்தான். தொண்டையைப் பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பார்த்துக்கொண்டான். ஐஸ் தண்ணீர் இல்லை, பீடி இல்லை. பவளம் இஞ்சியும் மிளகும் தட்டி, குலா மலாக்கா வெல்லம் கரைத்து, பழுப்பாக ஒரு கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அதை, சோயா சாஸ் வந்த கிச்சாப் போத்தலைக் கழுவி, அதில் ஊற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோவான்.

அந்த மாதத்தில் வடிவம்மாளுக்கும் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. ரிங்லெட்டில் காய்கறி லோரி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி தவறிவிட்டாள். வடிவம்மாளுக்கும் வயது முப்பதைத் தொட்டுவிட்டது. இரண்டு பக்கமும் குறை சொல்ல இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

*

புதன்கிழமை மத்தியானம் நல்லுசாமி மிளகாய்ச் சம்பாலைத் தொடவில்லை. சோற்றில் ஆறிய தேயிலைத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, மெல்லாமல் விழுங்கினான். வடிவம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சாமிக்கு விரதமா?"

"வாயில புண்ணுக்கா. சூடாத் தேத்தண்ணி குடிச்சிட்டேன்."

"வாயத் தொற."

"சாப்புடுறேன்லா."

"தொறடா."

அவள் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி, ஆஸ்பத்திரி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். நாக்கு வெந்து உரிந்திருந்தது. உள்தொண்டையில் வெள்ளைத்தோல் படர்ந்திருந்தது, ஆறிய பாலில் ஆடை படிவதைப் போல. தேயிலைத் தண்ணீர் நாக்கின் நுனியைச் சுடும். இப்படிக் கடைசிவரை போகாது. இந்த மாதிரி நாக்கை அவள் முன்பு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். போன வருஷம். மருந்து குடித்துக் கிடந்த, காளியம்மாவின் மகனுக்கு.

அவள் டார்ச்சை அணைத்தாள். வாய் தானாகக் கேட்டது:

"யாருக்காகடா குடிச்ச?"

நல்லுசாமி அவளைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"பாத்தியா," என்றான். "நீயே அப்படித்தான் கேக்குற."

பிறகு சொன்னான். தங்கையாவின் அப்பாவுக்குக் காய்கறித் தோட்டத்தில் புல் அதிகமாம். தங்கையா கொஞ்சம் மருந்து கேட்டிருந்தான். யாரும் செய்யாத காரியமில்லை. லயத்தில் பாதி வீட்டுக் காய்கறிப் பாத்திக்குத் தோட்டத்து மருந்துதான். டின்னோடு கொடுக்க முடியுமா? ஏதாவது போத்தலில்தான் ஊற்றுவார்கள். நல்லுசாமி கையில் கிடைத்த கிச்சாப் போத்தலில், தண்ணீர் கலக்காமல், அப்படியே ஊற்றிப் பலகையில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு நடுவில், தங்கையா டிரம்ஸை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கையை நீட்டி, பார்க்காமல், கஷாயப் போத்தல் என்று நினைத்து, ஒரு மடக்கு.

"உடனே துப்பிட்டேன்கா. ஓடத் தண்ணில கொப்புளிச்சேன். கொஞ்சந்தான் உள்ள போயிருக்கும்."

"அன்னைக்கே ஏன்டா வரல?"

"வந்து? பவளம் மகன் மருந்து குடிச்சிட்டான்னு லயம் பூரா பேசும். மாத்தா வரும், போலீஸ் கேசாகும். தவறிப்போய்க் குடிச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? காளியம்மா மவன் கெடந்தப்ப நீங்க எல்லாம் என்ன பேசுனீங்க? ஞாயித்துக்கெழம உனக்குப் பூ வைக்க வராங்க. மருந்து குடிச்ச வீட்டுல எவன்கா பூ வைப்பான்? அதான் ஒண்ணும் ஆகலயே. வாய்ப்புண்ணுதானே. நல்லாத்தானே இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தான். அதைத்தான் வடிவம்மாள் நம்பவில்லை. காளியம்மாவின் மகனும் நன்றாகத்தான் இருந்தான். எழுந்து நடந்தான். சோறு தின்றான். பிழைத்துவிட்டான் என்று காளியம்மா முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அவன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்து, "பயங்காட்டிட்டீங்களே ஆயா" என்று கேலி செய்துவிட்டுப் போனான். இந்த மருந்து அவசரப்படாது. முதலில் வாயைத் தொடும். பிறகு சிறுநீரைக் குறைக்கும். பிறகு ஆளைக் கொஞ்ச நாள் சும்மா விடும். நெஞ்சுக்குள் அது செய்கிற வேலை வெளியே தெரியாது. ஈரத்துணி காய்ந்து விறைப்பதைப் போல நுரையீரல் விறைத்துக்கொண்டே போகும். வாழைப்பழம் கொண்டுவந்தவன் அடுத்த வாரம் மூச்சுக்குத் தவித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வடிவம்மாள்தான்.

"ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?" என்று கேட்டாள்.

நல்லுசாமி தட்டைத் தள்ளிவைத்தான்.

*

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் தங்கராஜு விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம ஐயா."

"அன்னைக்கே வந்திருந்தா மண்ணக் கரைச்சுக் குடுத்து, கொஞ்சத்தையாவது வயித்துக்குள்ளயே கட்டியிருக்கலாம்." உடனே வேனுக்கு ஆள் அனுப்பினார்.

தாப்பா வழியாக மலையிறங்கி ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வளைவுகளில் நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் தாளம் போட்டபடி வந்தான். ஸ்டுடியோவுக்குச் சொல்லியிருந்த நாளும் நெருங்கிவிட்டிருந்தது. ஒரு வகையில் வண்டிச் செலவு மிச்சம் என்று சிரித்தான். வடிவம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் அவன் தோள் ஏறி இறங்குவதைக் கவனித்தாள். இன்னும் சீராகத்தான் இருந்தது.

டாக்டர் இளம் வயதுப் பெண். ஒளித்துப் பேசவில்லை. எவ்வளவு உள்ளே போனது என்பதைப் பொறுத்தது என்றாள். கொஞ்சம் என்றால் பிழைக்கலாம். நெஞ்சுப் படத்தில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. சிறுநீரகம் சரியில்லை. இனிமேல் மூச்சுதான் பதில் சொல்ல வேண்டும்.

"படுத்தே இருந்தா கூடுதல் நாள் கெடைக்குமா டாக்டர்?" என்று வடிவம்மாள் கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாது," என்றாள். "குடுக்குறதுக்கு மருந்து இல்ல. மூச்சு திணறினா ஆக்சிஜனும் வைக்க மாட்டோம். வச்சா அந்த விஷம் இன்னும் வேகமா வேலை செய்யும்."

இதுவும் வடிவம்மாளுக்குத் தெரியும். போன வருஷமே தெரிந்துகொண்டாள். இன்னொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தாள். அழுவதற்கு நேரம் கிடக்கிறது. இப்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்றே. இந்த மூச்சு நிலைக்குமா நிலைக்காதா என்று யாருக்கும் தெரியாது. நிலைக்காது என்றால், இருக்கிற மூச்சை அவன் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு செலவு செய்ய வேண்டுமா? நிலைக்கும் என்றால், பாடினால் மட்டும் குறைந்துவிடுமா? அவள் எழுந்து போய், அவனைத் தன் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் எதையும் மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்.

பவளம் சொன்னாள். வந்தவர்கள் தேயிலைத் தண்ணீர் குடித்தார்கள். பூத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ரிங்லெட்டிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

*

ஸ்டுடியோ ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. படியேறி முடித்ததும் நல்லுசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்று வடிவம்மாள் பார்த்ததில்லை. மலையில் பம்போடு ஓடுகிறவன் அவன்.

தங்கையா ஓடிவந்தான். முகம் வீங்கியிருந்தது. "நான் கேட்டதாலதானேக்கா. எங்கப்பாவுக்குன்னு நான்..."

"நீ மருந்து கேட்ட. கிச்சாப் போத்தல்ல ஊத்துன்னு கேட்டியா?" என்றாள் வடிவம்மாள். "அழுவுறத அப்புறம் வச்சுக்க. இப்ப அவனுக்குப் பின்னால ஒரு நாற்காலி கொண்டாந்து போடு."

முதல் பாட்டுகளில் பழைய குரலே வந்தது. வெந்த நாக்கோடும் வந்தது. பாட்டு முடிந்ததும் துணியில் துப்புவான். துணியில் ரத்தம் இருக்கும். வடிவம்மாள் துணியை மாற்றுவாள். ஸ்டுடியோக்காரச் சீனர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்து, இவனுக்கு என்ன சாக்கிட், என்ன நோய் என்று மலாயில் கேட்டார். தொண்டை என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சீனத் தேநீர் ஒரு குவளை அனுப்பினார். சூடாக இருந்தது. அதை அவள் குடித்தாள்.

உமரின் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, பகலில் வந்து வந்து பதிந்தார்கள். ஒவ்வொரு நாளும் மாடிப்படி உயர்ந்துகொண்டே போனது. முதலில் நடுவில் ஒருமுறை நின்றான். பிறகு இரண்டு மூன்று படிக்கு ஒருமுறை நின்றான். பிறகு உமரும் தங்கையாவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். உதட்டில் நாவற்பழம் தின்றது போல ஒரு நிறம் வந்திருந்தது. உமர் அதைப் பார்த்துவிட்டு வடிவம்மாளைப் பார்ப்பான். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்துவைப்பாள். அதிலேயே அவன் தெரிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குத் திரும்பிரலாம்டா," என்று உமர் கெஞ்சினான். "பாட்டு எங்க போவப்போவுது?"

"பாட்டு எங்கயும் போவாது," என்றான் நல்லுசாமி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "ஒண்ணுதான் பாக்கி. கித்தார எடு. மொதலாளி மாதிரி பேசாத."

பாக்கி இருந்தது கடைசிப் பாட்டு. பாட்டென்றும் சொல்ல முடியாது. டிரம்ஸ் மெதுவாக, சவ ஊர்வலத்தைப் போல அடிக்க, நல்லுசாமி ஆண்டியப்பனின் குரலில் பெரட்டு எடுக்க வேண்டும். குழுவில் உள்ளவர்கள் பேருக்குக் குரல் கொடுக்க வேண்டும். கடைசியில் தன் பேரைத் தானே கூப்பிட்டு, தன் குரலில் 'இருக்கேன்' என்று, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து ஒரு கத்து. அதோடு கேசட் முடியும். அந்தக் கத்துக்காகத்தான் அவன் மாதக்கணக்கில் தொண்டையைக் காத்துவைத்திருந்தான்.

நாடா சுற்றத் தொடங்கியது. வடிவம்மாள் கதவோரம் நின்றாள். தண்ணீர்க் குவளையும் துணியும் அவள் கையில் இருந்தன.

"தங்கையா," என்று நல்லுசாமி கூப்பிட்டான். ஆண்டியப்பனே வந்து நின்றதைப் போல இருந்தது.

"இருக்கேன்."

நல்லுசாமி மூச்சை இழுத்தான். அந்த இழுப்பு தகரத்தில் ஆணி கீறுவதைப் போலக் கேட்டது. "உமர்."

"இருக்கேன்."

மறுபடி இழுப்பு. நீளமாக. டிரம்ஸ் அடித்துக்கொண்டே இருந்தது.

"நல்லுசாமி."

அவன் வாயைத் திறந்தான். நெஞ்சு மேலே ஏறியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்று உள்ளே போகவில்லை. உள்ளே போகாத காற்று எப்படி வெளியே வரும்? கண்கள் பெரிதாகி அக்காவைத் தேடின. இன்னும் ஒருமுறை முயன்றால் அவன் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவான் என்று வடிவம்மாளுக்குத் தெரிந்தது. அவன் முயலப்போகிறான் என்பதும் தெரிந்தது.

"இருக்கான்," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. நோயாளியின் பேரை வார்டில் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்களே, அப்படி. நல்லுசாமியின் தோள்கள் இறங்கின. வாய் மூடியது. தங்கையாவின் கை நின்றது. சீனர் நாடாவை நிறுத்தினார்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்குத் தவிக்கிறவனைப் பார்த்து உமரால் நிற்க முடியவில்லை. சுவரோரம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி, "அத வையுங்கக்கா, அத வையுங்க, பக்கத்துலயே இருக்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். வடிவம்மாள் சிலிண்டருக்கும் அவனுக்கும் நடுவே நின்றாள்.

"காத்து குடுத்தா நெஞ்சு இன்னும் சீக்கிரம் வெந்துரும். வெளில போய் நில்லு, தம்பி."

அவன் வெளியே போனான். அவள் தம்பியின் தலையை உயர்த்தித் தலையணை வைத்தாள். உதட்டை நனைத்துவிட்டாள். அவனுடைய கை அவள் முழங்கையைப் பற்றியிருந்தது. மறுநாள் நடுப்பகலில் அந்தப் பிடி தளர்ந்தது. அவனுக்கு இருபத்து மூன்று வயது.

*

லயத்தில் அவன் சொன்னபடியே பேசினார்கள். பவளம் மகன் மருந்து குடித்துவிட்டான். யாருக்காகவாம்? பிரிஞ்சாங்கில் ஒரு பெண் என்றார்கள். இல்லை, பாட்டுக்காரப் பையன்களோடு சண்டை என்றார்கள். அவன் தவறிக் குடித்ததாக வடிவம்மாள் சொன்னபோது மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஆண்டியப்பன் மட்டும் வேறு சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார். "செத்தவனுக்குக் குரல் குடுத்தான்ல."

"கங்காணியாரே," என்றாள் வடிவம்மாள், "உங்க வீட்டு அடுப்படியில ஒரு கிச்சாப் போத்தல் இருக்கு. பாத்திக்கு அடிக்கன்னு வச்சிருக்கீங்க. உங்க மருமக மாசமா இருக்கா. மொதல்ல அதக் கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொரு வீடாகப் போனாள். கேட்டால் இல்லை என்பார்கள். அவள் நேரே உள்ளே நுழைந்து, அடுப்படியிலும் கோழிக்கூட்டின் மேலும் பலகைகளிலும் இருந்த போத்தல்களை முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தல், கிச்சாப் போத்தல், ஒரு வீட்டில் குழந்தையின் பால் போத்தல். டிரெசர் தங்கராஜு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி வெட்ட இடம் கொடுத்தார். குழி நிரம்பியது.

கேசட் வெளிவந்தது. உமர்தான் வெளியிட்டான். முந்தின இரண்டையும்விட அதிகமாகப் போனது. கோலாலம்பூரில் இதைப் பற்றித்தான் பேச்சு என்று சொன்னார்கள்.

மறு வருஷம், வடிவம்மாள் பிரிஞ்சாங்குக்குச் சாமான் வாங்கப் போனவள், உமரின் கடையில் சாப்பிட உட்கார்ந்தாள். அடுத்த மேசையில் தாடி வைத்த ஒரு ஆள். கோலாலம்பூரிலிருந்து அந்தக் கேசட்டுக்காகவே மலையேறி வந்தவன். உமரைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பாட்டுக்குப் பாட்டு அந்த மூச்சு சின்னதாகிக்கிட்டே போகுதே, அத எப்படிண்ணே பண்ணீங்க? மெசின்லயா? அப்புறம் கடைசில ஒரு பொம்பளக் குரல் வருதே. கத்தப்போறாங்கன்னு நெனச்சா, சும்மா 'இருக்கான்'னு. யாருண்ணே யோசிச்சா அத? எங்க பயலுங்க எல்லாம் ஆடிப்போயிட்டாங்க."

உமர் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அது மெசின் இல்ல," என்றாள் வடிவம்மாள். "நெஞ்சு சுருங்குற சத்தம். அவன் மருந்தத் தவறிக் குடிச்சிட்டான். நான் அவன் அக்கா. அவனால மூச்சு இழுக்க முடியல, அதனால நான் சொன்னேன்."

தாடிக்காரன் அவளைப் பார்த்தான். அவளுடைய சேலை, கையிலிருந்த காய்கறிப் பை, எல்லாவற்றையும் பார்த்தான். சொன்னதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப... வேணும்னு பண்ணது இல்லையா?"

"எதையும் வேணும்னு பண்ணல."

உமர் அவளுக்கு ஒரு தட்டு மீ கோரெங் கொண்டுவந்து வைத்தான். வடிவம்மாள் மேசையில் இருந்த கிச்சாப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், நன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு ஊற்றிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.